எதைத் தேடுகிறீர்கள் என்று முதலில் சொல்லுங்கள்: மெட்டல் டிடெக்டர் கேள்வி பதில்

மெட்டல் டிடெக்டர் வாங்குவது பற்றி யார் வேண்டுமானாலும் கேட்கலாம் என்று சொல்லியிருந்தேன். நிறையப் பேர் கேட்டது, "எவ்வளவு ஆழம் எடுக்கும்?" என்பதுதான். தேடும் பொருள் எவ்வளவு பெரிது என்று தெரியாமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது. ஆகவே பொருளைச் சொல்லிக் கேட்ட கேள்விகளாக எடுத்திருக்கிறேன்.

கேள்வி (தஞ்சாவூர் பக்கம்): அண்ணா, நடவின்போது என் நாத்தனாரின் தாலிச் செயின் சேற்றில் விழுந்துவிட்டது. எந்த மெஷின் வாங்கலாம்? 20,000 வரை புரட்ட முடியும்.

பதில்: அம்மா, முதலில் அந்த வயலில் யாரும் இறங்காமலும் மறுபடி உழாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். மிதிக்க மிதிக்கச் செயின் கீழேதான் போகும்.

மோதிரத்தை விடச் செயினைக் கண்டுபிடிப்பது கஷ்டம். டிடெக்டரின் அடியில் இருக்கும், கம்பிச் சுருள் வைத்த தட்டுக்குக் காயில் (coil) என்று பெயர். அது மண்ணுக்குள் காந்தப்புலத்தை அனுப்பும். உலோகத்தில் அந்தப் புலம் சிறு சுழல் மின்னோட்டத்தை உண்டாக்கும். அதைத்தான் மெஷின் கேட்கிறது. மூடிய வளையமான மோதிரத்தில் மின்னோட்டம் தாராளமாகச் சுற்றும். செயினில் கண்ணிகள் ஒன்றையொன்று லேசாகத் தொட்டுக்கொண்டு மட்டும் இருப்பதால், மெஷினுக்கு அது தனித்தனிக் குட்டி வளையங்களாகத் தெரியும். நாலு பவுன் செயின் ஒரு பழைய ஐந்து ரூபாய் நாணயத்தை விட மெலிதாகச் சத்தம் போடலாம். உங்களுக்குக் கைகொடுக்கப் போவது தாலிப் பொட்டு, காசு, குண்டு, கொக்கி மாதிரியான கெட்டியான பாகங்கள்.

சின்னப் பொருளுக்கு அதிர்வெண், அதாவது அந்தக் காந்தப்புலம் நொடிக்கு எத்தனை முறை மாறுகிறது என்பது, கூடுதலாக இருக்க வேண்டும். 12 கிலோஹெர்ட்ஸில் ஓடும் நோக்டா சிம்ப்ளெக்ஸ் என்ற மெஷின் இதற்குப் பரவாயில்லை. முழுக்கத் தண்ணீர் புகாதது என்பதால் வயலுக்கும் சரி. பல அதிர்வெண்களில் ஒரே நேரத்தில் வேலை செய்யும் மெஷின் கிடைத்தால் இன்னும் நல்லது. ஆனால் ஒரே ஒரு தேடலுக்காக வாங்குவதை விட, வைத்திருப்பவரைக் கூலி பேசிக் கூட்டி வருவதே என் யோசனை.

யார் தேடினாலும் தண்ணீரை வடித்துவிட்டு, கயிறு கட்டி வயலைப் பட்டை பட்டையாகப் பிரித்து, காயிலை மண்ணுக்கு ஒட்டினாற்போல் மெதுவாக வீசட்டும். ஒரு வீச்சில் பாதி அடுத்த வீச்சிலும் வரவேண்டும். தொடங்குமுன் அதே கனத்தில் ஒரு செயினை நூலில் கட்டிச் சேற்றில் நாலு விரல் ஆழத்தில் வைத்து, அந்தச் சத்தம் எப்படி இருக்கிறது என்று காதில் பதிய வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். வரப்பில் நின்று வீசும்போது டிங் என்று வரும் தெளிவான சத்தம் இதற்கு வராது. ஒரு சின்னக் கீறல் மாதிரித்தான் கேட்கும். அந்தக் கீறலுக்கும் நின்று தோண்ட வேண்டும். காந்தத்தைக் கயிற்றில் கட்டி இழுப்பது வேண்டாம், தங்கம் காந்தத்தில் ஒட்டாது.

கேள்வி (சேலம்): 10 மீட்டர் ஆழத்தில் தங்கத்தை மட்டும் காட்டும் கருவி என்று விளம்பரம் பார்த்தேன். ஒன்றரை லட்சம் கேட்கிறார்கள். வாங்கலாமா சார்?

பதில்: வாங்கவே வாங்காதீர்கள். சின்னப் பொருளுக்கு ஆழம் இரட்டிப்பானால், திரும்பி வரும் சிக்னல் ஏறக்குறைய 64-இல் ஒரு பங்காகக் குறையும். அதனால்தான் நல்ல மெஷின் கூட ஒரு நாணயத்தை ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூடக்குறைய எடுத்தாலே பெரிய விஷயம். காயிலின் அகலம் எவ்வளவோ, நாணயத்துக்கு ஏறக்குறைய அவ்வளவு ஆழம் என்று வைத்துக்கொள்ளலாம். குடம் அளவு பொருளென்றால் இன்னும் ஆழம் போகும். 10 மீட்டரில் மோதிரம் என்பது எந்த விலைக்கும் நடக்காது.

"தங்கம் மட்டும்" என்பதும் அப்படித்தான். சிறு தங்க மோதிரமும் மாத்திரை அட்டையின் அலுமினிய ஃபாயிலும் திரையில் ஒரே இடத்தில் விழும். ஃபாயிலுக்குச் சத்தம் வராதபடி மெஷினில் வடிகட்டினால் மோதிரமும் சேர்ந்து போய்விடும்.

ஆன்டெனா குச்சி ஒன்று தானாகத் திரும்பி திசை காட்டும் வகைக் கருவிகளைப் பற்றி ஒரு செய்தி. ஏடிஈ 651 என்ற பெயரில் அப்படி ஒன்றை வெடிகுண்டு கண்டறியும் கருவி என்று ஈராக்குக்கு விற்றார் ஜேம்ஸ் மெக்கார்மிக். அதை நம்பிச் சோதனைச் சாவடிகளில் மனிதர்கள் நின்றார்கள். உள்ளே ஒன்றுமே இல்லை. 2013-இல் பிரிட்டன் நீதிமன்றம் அவருக்கு 10 ஆண்டு சிறை கொடுத்தது. அதே மாதிரிக் குச்சிதான் இன்று புதையல் ஆசையில் இருப்பவர்களுக்கு விற்கப்படுகிறது. கடன் வாங்கி ஏமாறுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது.

கேள்வி (பொள்ளாச்சி): மர அறுவை மில் வைத்திருக்கிறேன். சாலையோர மரங்களில் விளம்பரப் பலகை அடித்த ஆணிகள் உள்ளேயே இருந்து பிளேடைக் காவு வாங்குகின்றன. என்ன மெஷின் நல்லது?

பதில்: உங்களுக்கு நீளத் தண்டு வைத்த பெரிய டிடெக்டரே தேவையில்லை. கல்யாண மண்டப வாசலில் காவலர் கையில் வைத்திருக்கும் கைச்சோதனைக் கருவி போதும், சில ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்துவிடும். ஆணி சின்னது, ஆனால் இரும்பு. சில அங்குல ஆழம் வரை பிடிக்கும். புளிய மரம் பழைய ஆணியை முழுக்க மூடி வளர்ந்திருக்கும் என்பதால், பட்டையின் மேல் ஒருமுறை பார்த்துவிட்டு விடாதீர்கள். ஒவ்வொரு பலகை எடுத்தபிறகும் புது முகத்தில் ஒருமுறை ஓட்டுங்கள்.

இன்னொன்று, மரத்தை இரும்பு டிராலியின் மேல் வைத்துச் சோதிக்க வேண்டாம். 1881-இல் அமெரிக்க அதிபர் கார்ஃபீல்டைச் சுட்ட குண்டைத் தேட கிரஹாம் பெல் ஒரு கருவி செய்து கொண்டுபோனார். படுக்கையில் இருந்த இரும்பு ஸ்பிரிங்குகள் குழப்பிவிட, குண்டு கிடைக்கவில்லை. கருவி வேலை செய்யும்தான், பக்கத்தில் வேறு இரும்பு இருக்கக் கூடாது. இரண்டு மரக்கட்டைகளின் மேல் தூக்கி வைத்துப் பாருங்கள்.

கேள்வி (மதுரை): செப்டிக் டேங்க் மூடி எங்கே என்றே தெரியவில்லை. டைல்ஸ் போட்டு மூடிவிட்டார்கள்.

பதில்: இருப்பதிலேயே மலிவான மெஷின் போதும். கான்கிரீட் மூடிக்குள் கம்பி இருக்கும், அது சத்தம் போடும். எல்லா உலோகத்தையும் காட்டும் நிலையில் வைத்து, சென்சிட்டிவிட்டியைக் குறைத்துக்கொண்டு, சத்தம் தொடங்கும் இடத்தையும் முடியும் இடத்தையும் சாக்பீஸால் குறித்தால் சதுரம் தெரிந்துவிடும். தரை முழுக்கக் கம்பி கட்டிப் போட்ட தளம் என்றால் மட்டும் இந்த வழி உதவாது.

கேள்வி (நாகர்கோவில்): கடற்கரையில் தேட ஆசை. நண்பரின் மெஷின் ஈர மணலில் ஓயாமல் கத்துகிறது.

பதில்: மெஷின் பழுதில்லை தம்பி. உப்புத் தண்ணீரே மின்சாரத்தைக் கடத்தும். அதோடு உங்கள் பக்கம், மணவாளக்குறிச்சி போன்ற இடங்களில், மணலில் இல்மனைட் முதலிய கனிமங்கள் நிறைய. ஒற்றை அதிர்வெண் மெஷின் இரண்டையும் சேர்த்துச் சமாளிக்காது. காய்ந்த மணலில் அதே மெஷின் ஒழுங்காக ஓடும், அங்கேதான் சில்லறையும் விழும். ஈர மணல்தான் வேண்டும் என்றால் பல அதிர்வெண் மெஷின். மைன்லேப் வான்குவிஷ் 340 அந்த வகையில் மலிவானது, ஆனால் அதில் காயிலை மட்டும்தான் நனைக்கலாம். அலையில் இறங்குவீர்கள் என்றால் அதே மைன்லேப் நிறுவனத்தின் ஈக்வினாக்ஸ் வரிசை மெஷின்கள். அப்புறம் திரும்பியதும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள், உப்பு இணைப்புகளைத் தின்றுவிடும்.

கேள்வி (இங்கிலாந்து, ஈலிங்): அண்ணே, இங்கே வயல்களில் பழைய வெள்ளிக் காசு தேடுகிறார்கள். நானும் தொடங்கலாமா?

பதில்: தாராளமாக. நில உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். பாதுகாக்கப்பட்ட தொல்லிடங்கள் பக்கம் போகவே கூடாது. அங்கே 1996-ஆம் ஆண்டுச் சட்டப்படி புதையல் என்று கருதத்தக்கதை 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். மத்தியகால வெள்ளிக் காசு நகம் போல மெல்லியது. அதற்கு நடுத்தர அல்லது உயர் அதிர்வெண்ணும் 9 அங்குலம் போல ஒரு காயிலும் நல்லது. பெரிய காயில் ஆழம் போகும், சின்னக் காசைத் தவறவிடும்.

1992 நவம்பரில் சஃபோக் பகுதியில் எரிக் லாஸ், ஒரு விவசாயி தொலைத்த சுத்தியலைத் தேடப் போய், ரோமானியர் காலத்து ஹாக்ஸ்ன் புதையலைக் கண்டார். சுமார் 15,000 காசுகள். அவர் முழுதும் தோண்டாமல் நிறுத்தித் தகவல் கொடுத்ததால், தொல்லியலாளர்களால் எது எப்படி அடுக்கப்பட்டிருந்தது என்பதுவரை பதிவு செய்ய முடிந்தது. சுத்தியலும் கிடைத்தது. எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த மனிதர் அவர்.

கேள்வி (புதுக்கோட்டை): எங்கள் பூர்வீக நிலத்தில் பானை இருப்பதாகச் சொல்வார்கள். சொந்த நிலம்தானே, தேடலாமா?

பதில்: நிலம் உங்களுடையது என்பதால் உள்ளே இருப்பதும் உங்களுடையது ஆகாது. 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் இன்றும் இருக்கிறது. 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளது கிடைத்தால் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும், மறைத்தால் சிறை வரை போகலாம். உங்கள் மாவட்டம் முழுக்கப் பழைய இடங்கள். ஓடு, எலும்பு, செங்கல் வரிசை தெரிந்தால் கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டுத் தொல்லியல் துறைக்குச் சொல்லுங்கள். பிடுங்கி எடுத்த பானை அதன் கதையைச் சொல்லாது.

கேள்வி (கோவை): பொதுவாக எவ்வளவு பணம் ஒதுக்கலாம்?

பதில்: வெளிநாட்டு விலையில் 200 முதல் 300 டாலர் வரையிலான மெஷின்தான் பெரும்பாலானோருக்குச் சரி. காரெட் ஏஸ் 300, சிம்ப்ளெக்ஸ், வான்குவிஷ் 340 எல்லாம் அந்தப் பக்கம். இங்கே சுங்கமும் வரியும் சேரும். கையில் மீதி இருந்தால் மேல் மாடலுக்குத் தாவாமல் ஒரு பின்பாயின்டர் வாங்குங்கள். தோண்டிய குழிக்குள் விட்டு மண்ணில் சரியாக எங்கே என்று காட்டும் கைக்கருவி அது. அது இல்லாமல் ஒரு மூக்குத்தியை ஈர மண்ணில் விரலால் துழாவுவது பெரிய பாடு. பல லட்சம் ரூபாய் மைன்லேப் ஜிபிஇசட் 7000 எல்லாம் ஆஸ்திரேலியப் பாலைவனத்தில் தங்கக்கட்டி தேடுகிறவர்களுக்கு.

கேள்வி (திருச்சி): 9 வயது மகன் கேட்கிறான்.

பதில்: எடை குறைந்ததாக, தண்டு நீளத்தைக் குறைக்கக் கூடியதாக வாங்குங்கள். முதல் நாள் வீட்டு வாசல் மணலில் நாலைந்து நாணயத்தை நீங்களே புதைத்து வைத்துத் தேட விடுங்கள். தோண்டிய குழியை மூட வேண்டும் என்பதை அன்றைக்கே பழக்கிவிடுங்கள்.