சொரியாசிஸ்: செதிலுக்கு அடியில் என்ன நடக்கிறது?

சார், சொரியாசிஸ் படை வந்த முழங்கையில் செதிலைப் பிய்த்தால் ஊசி குத்தினாற்போல் பொட்டுப் பொட்டாக ரத்தம் வருகிறதே?

முதலில் பிய்ப்பதை நிறுத்துங்கள். அந்த இடத்தில் ரத்தத் தந்துகிகள் விரிந்து, முறுக்கிக்கொண்டு மேலே ஏறி நிற்கும், அவற்றின் மேல் மூடியிருக்கும் தோலோ காகிதம் மாதிரி மெலிந்திருக்கும். செதிலோடு அதுவும் சேர்ந்து பிய்வதால் வரும் ரத்தம் இது. தோல் டாக்டர்கள் ஆஸ்பிட்ஸ் அறிகுறி என்பார்கள்.

நிணநீர் நாளங்களும் பெருகுமாமே? புற்றுநோய்க்குத்தானே அப்படிச் சொல்வார்கள்?

பயப்படாதீர்கள், அது வேறு கதை. சொரியாசிஸில் டென்ட்ரிட்டிக் செல்கள் என்ற காவல் செல்கள் ஐஎல்-23 என்ற தூதுப் புரதத்தைச் சுரந்து, டி செல்கள் என்ற வெள்ளையணுக்களை உசுப்பிவிடும், அவை ஐஎல்-17 என்ற இன்னொரு தூதுப் புரதத்தைச் சுரக்க, தோல் செல்கள் ஒரு மாதத்தில் ஏறி வர வேண்டிய தூரத்தை நாலைந்து நாளில் ஏறி வந்து செதிலாகக் குவியும். இத்தனை வெள்ளையணுக் கூட்டம் கூடினால் ரத்தக் குழாய் கசிந்து தோலில் நீர் கோக்கும் இல்லையா, அந்த நீரையும் சில வெள்ளையணுக்களையும் அக்குள், தொடையிடுக்கு நெறிகளுக்கு (நிணநீர்க் கணுக்களுக்கு) கொண்டுபோவது நிணநீர் நாளம்தான். அதை வளரச் சொல்லும் புரதம் விஇஜிஎஃப்-சி. அதைச் சுரப்பவற்றில் மேக்ரோஃபேஜ்கள் என்ற விழுங்கும் வெள்ளையணுக்கள் முக்கியமானவை. அதாவது வீக்கத்துக்கு வந்த கூட்டமே வாய்க்காலும் வெட்டுகிறது! ஆனால் படையில் பார்த்தால் அந்த நாளங்கள் அகன்று, நெளிந்து கிடக்கும். சரி, வாய்க்கால் நல்லதா கெட்டதா? 2010இல் வெளியான எலி ஆய்வு ஒன்றில், இந்தப் புரதம் தோலில் கூடுதலாக இருந்த எலிகளுக்கு அழற்சி குறைந்தது. அந்தப் புரதம் செல்லில் வந்து ஒட்டும் இடமான ஏற்பியை அடைத்தபோது வீக்கம் கூடி, ஆறவும் தாமதமானது. எலியில் நடந்தது மனிதரிலும் நடக்கும் என்று கையெழுத்துப் போட மாட்டேன், ஆனாலும் நாளம் வளர்வதைக் கண்டு மிரள வேண்டியதில்லை.

அப்படியானால் நிணநீர் மசாஜ் பத்து சிட்டிங் போகலாமா?

வேண்டாம். படையை ஆற்றுவதற்கு அது சிகிச்சை ஆகாது, அழுத்தித் தேய்த்துத் தோல் உரசினால் உரசிய இடத்திலேயே புதுப் படை கிளம்பலாம்.

ஆறிய பிறகும் அதே முழங்காலில்தான் மறுபடி வருகிறது. ஏன்?

டி செல்களில் ஒரு பகுதி அங்கேயே குடியிருந்துவிடும். வெளியே தோல் பளிச்சென்று இருக்கும், உள்ளே பழைய ஆட்கள் மாதக்கணக்கில் உட்கார்ந்திருப்பார்கள், மருந்தை நிறுத்தினால் மறுபடி ஐஎல்-17. டி செல்கள் மேல் சந்தேகம் வந்ததே தற்செயலாகத்தான்: 1979இல் மூட்டு நோய்க்கு, டி செல்களை அடக்கும் சைக்ளோஸ்போரின் மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள், கூடவே சொரியாசிஸும் அடங்கியது. ஆகவே தோல் ஆறிவிட்டதே என்று நீங்களாகவே மருந்தை நிறுத்தாதீர்கள், எப்போது குறைப்பது என்று உங்கள் டாக்டரைக் கேளுங்கள்.