டர்பனின் மேடு பள்ளத்தில் பெட்ரோலை மிச்சம் பிடிப்பது எப்படி?

வேலைக்காகக் குடும்பத்தோடு தென்னாப்பிரிக்காவின் டர்பன் வந்திருக்கிறீர்கள். வீடு இங்கே பீனிக்ஸ் பகுதியில், வேலை மேட்டின் மேலே ஹில்கிரெஸ்டில். வாங்கியது பழைய ஹேட்ச்பேக், கியர் வண்டி. பெட்ரோல் செலவு மாதக் கடைசியில் கையைக் கடிக்கிறது, காரை மாற்றாமல் அன்றாடம் என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஒரே வரியில் பதில் வேண்டுமென்றால்: பிரேக்கைத் தொட வேண்டிய தேவையைக் குறையுங்கள். டயர், ஏசி, சுமை எல்லாவற்றையும் பற்றிச் சொல்கிறேன். ஆனால் டர்பன் மாதிரி மேடும் பள்ளமுமான ஊரில் நம்மால் தவிர்க்கக்கூடிய வீணடிப்பில் பெரும் பங்கு பிரேக்கில்தான்.

ஏன் என்று கணக்குப் போட்டே பார்க்கலாம். 1200 கிலோ எடையுள்ள கார் 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அந்த வேகத்துக்கு அதைக் கொண்டுவர எஞ்சின் ஏறக்குறைய 20 மில்லி பெட்ரோலை எரித்திருக்கும். முன்னால் சிவப்பு விளக்கைப் பார்த்ததும் பிரேக்கை மிதித்து நிறுத்துகிறீர்கள். அந்த 20 மில்லியும் பிரேக்கில் சூடாகிக் காற்றில் போய்விட்டது. இப்படி 50 தடவை நின்றால் ஒரு லிட்டர். வேகம் இரட்டிப்பானால் இழப்பு நான்கு மடங்கு. 120-இல் வந்து பிரேக் அடித்து நிற்பதற்கு ஒவ்வொரு தடவையும் 80 மில்லி.

சரி, பிரேக் அடிக்காமல் ஊரில் எப்படி ஓட்டுவது? எங்கள் தெருவில் ஓர் அங்கிள் இருக்கிறார். டர்பன் துறைமுகத்திலிருந்து ஜோகன்னஸ்பர்க்குக் கன்டெய்னர் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். அவர் காரில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து போனால் அவருடைய கண் எங்கே இருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். முன்னால் போகும் காரை அவர் பார்ப்பதே இல்லை. அதற்கும் முன்னால் மூன்றாவது, நான்காவது வண்டியின் பிரேக் விளக்கைத்தான் பார்ப்பார். தூரத்தில் சிவப்பு தெரிந்ததும் வலது காலை ஆக்ஸிலரேட்டரிலிருந்து எடுத்துவிடுவார். கார் கியரிலேயே உருண்டு வரும், வேகம் மெல்ல மெல்லக் குறையும். ரோபோ (இங்கே சிக்னலை அப்படித்தான் சொல்வார்கள்) அருகில் வரும்போது பல நேரம் பச்சை விழுந்திருக்கும். இரண்டாவது கியரில் அப்படியே கிளம்பிவிடுவார். நம்மை விரட்டி முந்திப் போனவர் அதே ரோபோவில் நின்று, முதல் கியர் போட்டு, திரும்பவும் முதலிலிருந்து ஆரம்பித்துக்கொண்டிருப்பார்.

இதில் இன்னொரு லாபமும் உண்டு. இரவில் சிக்னலில் வண்டியை முழுதாக நிறுத்தாதபடி தூரத்திலிருந்தே மெதுவாக வாருங்கள் என்று இங்கே எல்லோரும் சொல்வார்கள். கார் பறிப்பவர்களுக்கு நிற்கும் வண்டிதான் வசதி. பாதுகாப்புக்குச் சொல்லும் இந்த அறிவுரையும் பெட்ரோல் சிக்கனமும் ஒரே பழக்கம்தான். மினிபஸ் டாக்ஸி விஷயமும் அப்படியே. பயணி கையைக் காட்டினால் அது எந்த இடத்திலும் நிற்கும். பின்னாலேயே ஒட்டிப் போனால் அது நிற்கும்போதெல்லாம் நீங்களும் பிரேக் மிதிக்க வேண்டும். நல்ல இடைவெளி விடுங்கள். நடுவில் யாராவது புகுந்தால் புகட்டும், மறுபடி இடைவெளி விட்டுக்கொள்ளுங்கள்.

இனி உங்கள் வழிக்கு வருகிறேன், அதுதான் முக்கியம். பைன்டவுனைத் தாண்டி எம்13 சாலையில் ஃபீல்ட்ஸ் ஹில் ஏறித்தான் நீங்கள் ஹில்கிரெஸ்ட் போக வேண்டும். வீட்டிலிருந்து கணக்கிட்டால் தினமும் ஏறக்குறைய 500 மீட்டர் உயரத்துக்குக் காரைத் தூக்குகிறீர்கள். தூக்குவதற்கு மட்டுமே அரை லிட்டருக்கு மேல் ஆகும். இதை யாராலும் தவிர்க்க முடியாது. ஏற்றத்தில் வேகத்தைப் பிடித்து வைக்க ஆக்ஸிலரேட்டரைத் தரை வரை அழுத்தாதீர்கள். கொஞ்சம் வேகம் குறையட்டும், இடப்பக்கத் தடத்தில் போங்கள். அதற்காக நான்காவது கியரிலேயே எஞ்சின் முக்கி முனகும்படியும் ஓட்ட வேண்டாம். மூன்றாவதுக்கு இறக்கினால் எஞ்சினுக்கும் நல்லது.

காலையில் ஏற்றத்துக்குக் கொடுத்த பெட்ரோலில் ஒரு பங்கை மாலையில் இறங்கும்போது திரும்ப வாங்கலாம். இங்கேதான் பலர் நியூட்ரல் போடுகிறார்கள். பெட்ரோல் மிச்சமாகும் என்று ஊரிலிருந்தே வரும் பழக்கம் அது. கார்புரேட்டர் வண்டிகளின் காலத்தில் அதற்குக் கொஞ்சம் அர்த்தம் இருந்தது. இப்போது ஓடும், கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் பெட்ரோலைப் பீய்ச்சும் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் எஞ்சின்கள் வேறு மாதிரி. கியரில் இருந்தபடி ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டால், சக்கரமே எஞ்சினைச் சுற்றுகிறது. அதனால் கம்ப்யூட்டர் பெட்ரோலை முழுதாக நிறுத்திவிடும். உங்கள் காரில் அந்த நேரத்து மைலேஜ் காட்டும் திரை இருந்தால் இறக்கத்தில் பாருங்கள், செலவு பூஜ்யம் என்று காட்டும். நியூட்ரலில் போட்டால் எஞ்சின் தானாகச் சுற்றிக்கொண்டிருக்கப் பெட்ரோல் தேவை, பூஜ்யம் ஆகாது. சமதரையை நெருங்கி வேகம் மிகக் குறைந்ததும் எஞ்சின் மீண்டும் பெட்ரோல் எடுக்கத் தொடங்கும், அது இயல்பு.

பெட்ரோலை விடுங்கள், உயிர் விஷயம். ஃபீல்ட்ஸ் ஹில் இறக்கத்தில் நியூட்ரலில் வந்தால் காரைப் பிடித்து வைக்க பிரேக் ஒன்றுதான் மிஞ்சும், அதுவும் சூடேறினால் பிடிக்காது. 2013-இல் அந்த இறக்கத்தில் வந்த லாரி ஒன்று வண்டிகள் மேல் மோதி இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்குப் பிறகு கனரக லாரிகளுக்கு அந்த வழியில் தடை போட்டார்கள். மூன்றாவது கியரில் எஞ்சின் பிடிப்பில் இறங்குங்கள், பிரேக்கை அவ்வப்போது மட்டும் தொடுங்கள். தயவுசெய்து இந்த ஒன்றையாவது கேளுங்கள்.

அடுத்தது டயர். இங்கே பங்கில் பெட்ரோல் போட ஆள் இருப்பார், கேட்டால் காற்றும் அடித்து, ஆயிலும் தண்ணீரும் பார்த்துக் கொடுப்பார். கையில் சில ரேண்ட் கொடுத்தால் போதும். ஆனால் எவ்வளவு காற்று என்று அவர் கேட்கும்போது "நார்மல்" என்று சொல்லாதீர்கள். ஓட்டுநர் கதவைத் திறந்தால் சட்டத்தில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். முன் டயருக்கு எவ்வளவு, பின் டயருக்கு எவ்வளவு, ஆள் நிறைய ஏறினால் எவ்வளவு என்று 'பார்' என்ற அழுத்த அலகில் அதில் இருக்கும். அந்த எண்ணைச் சொல்லுங்கள். அளப்பது டயர் குளிர்ந்திருக்கும்போது நடக்க வேண்டும், அதாவது வீட்டுக்குப் பக்கத்து பங்கில், காலையில். நெடுந்தூரம் ஓடிவந்த டயரில் அழுத்தம் கூடுதலாகத்தான் காட்டும். அதை நம்பிக் காற்றை இறக்கினால் மறுநாள் டயர் குறைவாக நிற்கும். காற்று குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் நசுங்கி நிமிர்கிறது, அதற்கான வேலையை எஞ்சின்தான் செய்கிறது. மாதம் ஒரு முறையாவது பாருங்கள். தைப்பூசக் காவடிக்கு உறவுகளை ஏற்றிக்கொண்டு அம்கேனி ரோடு கோயிலுக்குப் போவதென்றால் சுமைக்கான எண்ணுக்கு ஏற்றிக்கொள்ளுங்கள்.

ஏசி பற்றிப் பெரிய வாதமே நடக்கும். ஜனவரி, பிப்ரவரி புழுக்கத்தில் ஏசி இல்லாமல் டர்பனில் ஓட்டச் சொல்ல எனக்கு மனசு வராது. ஜன்னலைத் திறந்து வைத்தால் சிக்னலில் பையைப் பறிப்பவர்கள் பயம் வேறு. வெயிலில் நின்ற காரில் ஏறும்போது கதவுகளைத் திறந்துவைத்துச் சூட்டை வெளியேற்றிவிட்டு ஏசியைப் போடுங்கள். உள்ளே குளிர்ந்ததும் விசிறியைக் குறையுங்கள். நெடுஞ்சாலையில் ஜன்னல் திறந்தால் காற்று இழுக்கும், அங்கே ஏசியே மேல்.

நெடுஞ்சாலை என்றதும் வேகம். ஜோகன்னஸ்பர்க் போகும் என்3 நெடுஞ்சாலையில் 120 வரை போகலாம்தான். ஆனால் 100-இல் போகும் காரைவிட 120-இல் போகும் கார் மீது காற்றின் எதிர்ப்பு 44 சதவீதம் அதிகம். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கேற்ப ஏறுவதால் வரும் கணக்கு இது. ஜோகன்னஸ்பர்க் போனால் வித்தியாசம் நன்றாகவே தெரியும். அந்த ஊர் கடல் மட்டத்திலிருந்து 1700 மீட்டருக்கு மேலே இருக்கிறது. காரை அங்கே ஏற்றுவதற்கே இரண்டு, இரண்டரை லிட்டர் தனியாக வேண்டும். போகும்போது மைலேஜ் குறைகிறதே, வண்டியில் ஏதோ கோளாறு என்று மெக்கானிக்கிடம் ஓட வேண்டாம். போக வர இரண்டையும் சேர்த்துச் சராசரி பாருங்கள். கடலோரத்தில் பெட்ரோல் விலை உள்நாட்டைவிடக் குறைவு, எனவே புறப்படும்போது டர்பனிலேயே டாங்கை நிரப்புங்கள். திரும்பும்போது மேலே முழு டாங்க் போட வேண்டியதில்லை, வீடு வந்து சேரத் தாராளமாகப் போதுமானதைப் போடுங்கள். மேல்கூரையில் சாமான் கம்பி இருந்தால் வேலை முடிந்ததும் கழற்றிவிடுங்கள், காலியாக இருந்தாலும் அது காற்றைப் பிடித்து இழுக்கும்.

சின்ன விஷயங்கள் சிலவற்றையும் சொல்லிவிடுகிறேன். டர்பன் குளிரில் எஞ்சினை நிற்கவைத்துச் சூடாக்கத் தேவையே இல்லை. கிளப்பியதும் நிதானமாக ஓட்டுங்கள், தானாகச் சூடாகும். குளிர்ந்த எஞ்சின் அதிகம் குடிக்கும் என்பதால் பால் வாங்க ஒரு தடவை, மருந்துக் கடைக்கு ஒரு தடவை என்று போகாமல் ஒரே சுற்றில் முடியுங்கள். பள்ளி வாசலில் பிள்ளைக்குக் காத்திருக்கும்போது எஞ்சினை அணைத்துவிடுங்கள். இரவு சிக்னலில் மட்டும் அணைக்காதீர்கள். பெட்ரோல் மூடியின் உட்புறத்தில் எந்த ஆக்டேன் என்று எழுதியிருக்கும், 95 என்றால் 95 போடுங்கள். அதைவிட உயர்ந்தது போட்டால் மைலேஜ் கூடும் என்பது வெறும் நம்பிக்கை. சிகரெட் லைட்டரில் சொருகினால் பெட்ரோல் மிச்சமாகும் என்று விற்கும் கருவிகளுக்கு ஒரு ரேண்ட்கூடக் கொடுக்காதீர்கள்.

இவற்றில் எது உங்களுக்குப் பலன் தருகிறது என்று தெரிய அளந்து பார்ப்பது ஒன்றுதான் வழி. டாங்கை நிரப்பும்போது பைப் முதல் தடவை தானாக நின்றதும் போதும் என்று சொல்லிவிடுங்கள். டிரிப் மீட்டரைப் பூஜ்யமாக்குங்கள். அடுத்த முறையும் அதே பங்கில் அதே மாதிரி நிரப்பி, போட்ட லிட்டரை 100-ஆல் பெருக்கி, ஓடிய கிலோமீட்டரால் வகுத்தால் நூறு கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்று வரும். ஒரு டாங்கை வைத்து முடிவு கட்டாமல் நான்கைந்து தடவை எழுதிப் பாருங்கள்.

விலை மலிவான பங்க் தேடி அலையாதீர்கள், பெட்ரோலுக்கு ஒரு மண்டலத்துக்குள் எல்லா இடத்திலும் ஒரே விலைதான். மாதத்தின் முதல் புதன்கிழமை புது விலை வரும், எவ்வளவு என்று முன்கூட்டியே அறிவித்துவிடுவார்கள். ஏறுகிறது என்றால் செவ்வாய்க்கிழமை சாயங்காலமே போட்டுக்கொள்ளுங்கள், வரிசை நீளமாக இருக்கும், கொஞ்சம் முன்னதாகவே போங்கள்.