பதில்: பிரிட்டனில் வேலைப் படகை பைலட் படகாக ஓட்டலாமா?

நண்பரே, 14 மீட்டர் படகுக்கு வேலைப் படகுச் சான்றிதழ் இருக்கிறது, அதுவே போதாதா என்கிறீர்கள். போதாது. 2023 டிசம்பர் 13 முதல் நடப்பில் உள்ள வேலைப் படகு விதித்தொகுப்பின் மூன்றாம் பதிப்பில் பைலட் படகுக்கு, அதாவது கப்பலுக்கு வழிகாட்டும் பைலட்டைக் கப்பலுக்குக் கொண்டுபோய் விட்டு அழைத்து வரும் படகுக்கு, தனிக் கூடுதல் விதிகள் உண்டு. 1987 பைலட்டேஜ் சட்டப்படி துறைமுக ஆணையத்தின் ஒப்புதலும் வேண்டும். முதலில் அவர்களிடம் பேசுங்கள்.

படகைச் சோதிக்கும் சர்வேயர் உங்கள் மேல்தளத்தைத்தான் துருவிப் பார்ப்பார். கப்பலின் பக்கவாட்டில் தொங்கும் பைலட் ஏணிக்குத் தாவும் இடம் வரை கைப்பிடிக் கம்பி, வழுக்காத தரை, கடலில் விழுந்தவரைத் தூக்கும் ஏற்பாடு. கடைசியதில்தான் செலவு, படகில் இருப்பவர்களே நனைந்த ஆளைத் தூக்க முடிய வேண்டும், சும்மா ஒரு கயிற்றேணி உதவாது.

அப்புறம், பைலட் படகின் அடையாளமான மேலே வெள்ளை, கீழே சிவப்பு விளக்கைப் படகு பைலட் பணியில் இருக்கும்போது மட்டுமே போட வேண்டும்.