ஏரியில் விட்ட வாத்துகள்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வேலூரில் ஓர் ஏரிக்கரையை ஒட்டிய குடியிருப்பில் வசிக்கிறோம். இரண்டு ஆண்டுகளுக்கு முன் கரையில் நடைபாதை போட்டபோது, அழகுக்காகவும் கொசுப்புழுவைத் தின்னும் என்ற நம்பிக்கையிலும் எங்கள் நலச்சங்கத்தார் 20 வாத்துகளை வாங்கி ஏரியில் விட்டார்கள். இப்போது அறுபதுக்கும் மேல் ஆகிவிட்டன. நடைபாதையெங்கும் எச்சம்; தண்ணீர் பச்சை பிடித்து வீச்சம் அடிக்கிறது. சென்ற சித்திரையில் ஒருநாள் விடியற்காலையில் மீன்கள் செத்து மிதந்தன. அடுத்த வாரமே ஏழெட்டு வாத்துகள் கழுத்தைத் தூக்க முடியாமல் இறந்தன. வாத்து தண்ணீரில் வாழும் பறவைதானே, ஏரியில் விட்டதில் என்ன தவறு என்று சங்கத்தில் பாதிப்பேர் கேட்கிறார்கள். என்ன செய்யலாம்? (ஒரு வாசகி, வேலூர்)

பதில்: தண்ணீரில் வாழும் பறவை என்பது உண்மை. ஆனால் வீட்டு வாத்து, ஏரியில் தானாகப் பிழைத்துக்கொள்ளக்கூடிய பறவை அன்று. பெரும்பாலான வீட்டு வாத்து இனங்கள், மல்லார்டு என்னும் காட்டு வாத்திலிருந்து, இறைச்சிக்காகவும் முட்டைக்காகவும் மனிதர் பல நூற்றாண்டுகளாகத் தேர்ந்தெடுத்து வளர்த்தவை. வெள்ளை பெக்கின் வாத்தின் உடல் கனத்துவிட்டதால் அதனால் பறக்க முடியாது. காக்கி கேம்பல் முட்டையிடுமே தவிர அடைகாப்பது அரிது. நம் மாவட்டத்து ஏரிகளோ வடகிழக்குப் பருவமழையில் நிரம்பி, சித்திரை வைகாசியில் மதகை ஒட்டிய சேற்றுக் குட்டையாகச் சுருங்கிவிடுபவை. அந்த நாள்களில் காட்டுப் பறவைகள் நீருள்ள வேறு ஏரியைத் தேடிப் பறந்துவிடும். நீங்கள் விட்ட வாத்துகளோ அந்தக் குட்டையிலேயே, தெருநாய்களுக்கு எட்டும் தூரத்தில், மாட்டிக்கொள்ளும்.

இருபது அறுபதானது எப்படி என்று பார்ப்போம். அவற்றில் முகத்தில் சிவந்த சதைமுடிச்சுகள் உள்ளவையும், உரக்கக் கத்தாமல் சீறுபவையும் இருக்கின்றனவா என்று கவனியுங்கள். இருந்தால் அவை தென் அமெரிக்காவைச் சேர்ந்த மஸ்கோவி வாத்துகள். மணிலா வாத்து என்றும் சொல்வார்கள். இவை மற்ற வீட்டு வாத்துகளைப் போல அல்லாமல் 35 நாள்கள் பொறுமையாக அடைகாத்துக் குஞ்சு பொரிக்கும். ஓரளவு பறக்கவும் செய்யும். உங்கள் ஏரியில் எண்ணிக்கை ஏறியதற்குப் பெரும்பாலும் இவையே காரணமாக இருக்கும்.

தண்ணீர் பச்சை பிடித்ததற்கு வருகிறேன். நடைப்பயிற்சிக்கு வருபவர்கள் பொரியும் பிரெட்டும் மிஞ்சிய சோறும் போடுகிறார்கள் அல்லவா? முட்டையிடும் வாத்து ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 150 கிராம் தீவனம் வேண்டும். ஏரியிலேயே மேய்ந்து ஏரியிலேயே எச்சமிடும் பறவையால் ஏரிக்குப் புதிதாக உரம் சேர்வதில்லை. வெளியிலிருந்து நாம் கொண்டுபோய்க் கொட்டும் தீனிதான் எச்சமாக மாறி, தழைச்சத்தும் மணிச்சத்துமாக நீரில் சேர்கிறது. வயலுக்கு உரம் போட்டால் பயிர் கொழிப்பது போல ஏரியில் பாசி கொழிக்கும். அந்தப் பாசி பகலில் பிராணவாயுவை வெளியிட்டாலும் இரவு முழுவதும் அதை உறிஞ்சிக்கொள்ளும்; ஆகவே விடியும் நேரத்தில்தான் நீரில் பிராணவாயு மிகவும் குறைந்திருக்கும். நீங்கள் மீன்களை விடியற்காலையில் செத்து மிதக்கக் கண்டது இதனால் இருக்கலாம். முழுப் பழியையும் வாத்துகளின் மேல் போடுவது நியாயமாகாது. வரத்துக்கால் வழியாக வீட்டுக் கழிவுநீர் இறங்குகிறதா என்பதையும் நடந்துபோய்ப் பாருங்கள், பெரும்பங்கு அதனுடையதாகவும் இருக்கக்கூடும். கொசுவைப் பொறுத்தவரை, வாத்து சிறிதளவு புழுவைத் தின்னும் என்பது சரியே. ஆனால் திறந்த ஏரிப்பரப்பை விட, தேங்கிய சாக்கடையிலும் மூடாத தொட்டியிலும் பழைய டயரிலும்தான் கொசு அதிகம் பெருகுகிறது. ஏரியில் புழுவைத் தின்னும் மீன்கள் செத்துப்போனால் இருந்த காவலும் போய்விடும்.

கழுத்தைத் தூக்க முடியாமல் இறந்தன என்று நீங்கள் எழுதிய வரியைப் படித்ததும், ராணிப்பேட்டைப் பக்கத்து ஏரி ஒன்றில் நான் கண்ட காட்சி நினைவுக்கு வந்தது. வற்றிய கரையோரச் சேற்றில் ஒரு வெள்ளை வாத்து, இறகுகள் சற்றும் கலையாமல், கண் திறந்தபடி உட்கார்ந்திருந்தது. அதன் கழுத்து மட்டும் நனைந்த துணிக்கயிறு போல நீரில் கிடந்தது, தலையை எடுக்க முயன்று முயன்று அலகு மூழ்கிக்கொண்டே இருந்தது. பாட்டுலிசம் என்னும் நச்சுநோயின் அடையாளம் இது. வெயிலில் சூடேறி, அழுகிய தழையும் செத்த மீனும் கிடக்கும் சேற்றில், பிராணவாயு இல்லாத இடத்தில், ஒரு வகைக் கிருமி இந்த நஞ்சை உண்டாக்குகிறது. பிணத்தில் நெளியும் புழுக்களில் நஞ்சு சேர்கிறது. அந்தப் புழுவைத் தின்னும் வாத்து தானும் செத்து, அதன் உடலில் மேலும் புழுக்கள் தோன்றுகின்றன. ஆகையால் செத்த மீனையும் பறவையையும் அன்றன்றே, கையுறை அணிந்து அகற்றி, ஆழமாகக் குழி தோண்டிச் சுண்ணாம்பு தூவிப் புதைக்க வேண்டும். ஆனால் பறவைகள் கும்பலாகத் திடீரென இறந்தால் எதையும் தொடாமல் முதலில் கால்நடை மருத்துவருக்குச் சொல்லுங்கள். வாத்துக் கொள்ளை நோயாகவோ பறவைக் காய்ச்சலாகவோ இருக்கலாம். 2014ஆம் ஆண்டு கேரளத்தின் ஆலப்புழைப் பகுதியில் வாத்துப் பண்ணைகளைப் பறவைக் காய்ச்சல் தாக்கியது பலருக்கு நினைவிருக்கும். நோயின் அறிகுறியே வெளியில் தெரியாமல் அந்தக் கிருமியைச் சுமக்கவும் வாத்துகளால் முடியும்.

எனக்கு அதிக வருத்தம் தரும் செய்தி இன்னொன்று. கறுத்த அலகின் நுனியில் மஞ்சளும், அலகு நெற்றியைச் சேருமிடத்தில் இரண்டு செம்புள்ளிகளும் கொண்ட புள்ளிமூக்கு வாத்து நம் ஏரிகளின் சொந்தப் பறவை. காவேரிப்பாக்கம் ஏரிக்கரையில் பொறுமையாக நின்றால் காணலாம். அது மல்லார்டுக்கு நெருங்கிய உறவு என்பதால், மல்லார்டு வழிவந்த வீட்டு வாத்துகளோடு கலந்து இனப்பெருக்கம் செய்யக்கூடும். நியூசிலாந்தில் 19ஆம் நூற்றாண்டில் கொண்டுபோய் விடப்பட்ட மல்லார்டுகள் அந்நாட்டுச் சாம்பல் வாத்தோடு கலந்துவிட்டதால், கலப்பற்ற சாம்பல் வாத்து அங்கே அரிதாகிவிட்டது. நம் புள்ளிமூக்கு வாத்துக்கு அந்த நிலை வர நாம் காரணமாக இருக்கக் கூடாது.

முதல் வேலையாகத் தீனி போடுவதைப் பொதுமக்கள் நிறுத்த வேண்டும். பிறகு கரையில் வலை அடைப்பு ஒன்றைக் கட்டி, மாலைதோறும் சங்கத்தின் ஆள் ஒருவர் மட்டும் அதற்குள் சிறிது நெல் வைக்கட்டும். சில நாள்களில் பயம் தெளிந்து எல்லாம் உள்ளே வந்துவிடும், அப்போது கதவை அடைத்துவிடலாம். வாத்தின் கால் எளிதில் முறியும் என்பதால் காலைப் பிடித்துத் தூக்காமல், இறக்கைகளை உடலோடு அணைத்து இரு கைகளாலும் எடுக்க வேண்டும். மருத்துவரிடம் காட்டி, இரண்டு மூன்று வாரம் தனியே வைத்திருந்த பின்பே வளர்ப்பவர்களிடம் ஒப்படையுங்கள். புதரில் முட்டை கண்டால், அது வீட்டு வாத்தினுடையதுதான் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டுமே எடுங்கள். காட்டுப் பறவையின் முட்டையைத் தொடுவது சட்டப்படி குற்றம். பட்டினியால் துன்பப்படும் நிலையில் பிராணியைத் தகுந்த காரணமின்றிக் கைவிடுவதும் 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம் என்பதைச் சங்கக் கூட்டத்தில் படித்துக் காட்டுங்கள்.

கேள்வி: வாத்து மேய்ப்பவர்கள் நூற்றுக்கணக்கில் ஓட்டிக்கொண்டு வருகிறார்களே, அவற்றால் கெடுதி இல்லையா? (ஒரு வாசகர், ஆரணி)

பதில்: இல்லை என்றே சொல்வேன். சன்னியாசி, கீரி என்று பெயர் வழங்கும் நம் பகுதி நாட்டு வாத்துகள், அறுவடை முடிந்த கழனியில் சிந்திய நெல்லையும் நத்தையையும் மேய்கின்றன. எச்சம் வயலுக்கே உரமாகிறது. ஓரிடத்தில் தீனி குறைந்தால் அடுத்த ஊருக்கு ஓட்டிப் போகிறார்கள், இரவில் பட்டியில் அடைக்கிறார்கள், ஒன்று சோர்ந்து நின்றாலும் மேய்ப்பவரின் கண்ணில் பட்டுவிடும். ஏரியில் விட்ட வாத்துக்கு இப்படிப் பார்க்க ஒருவர் இல்லை.

கேள்வி: திருவிழாவில் மகள் ஆசைப்பட்டு வாங்கிய வாத்துக்குஞ்சு பெரிதாகிவிட்டது. மாடியில் வைத்துக்கொள்ள முடியவில்லை. கோட்டை அகழியில் விடலாமா? (ஒரு வாசகர், குடியாத்தம்)

பதில்: வேண்டாம். கையால் தீனி தின்று வளர்ந்த ஒற்றை வாத்துக்கு இரை தேடவும் தெரியாது, நாயைக் கண்டு ஒதுங்கவும் தெரியாது. வாத்து வளர்க்கும் வீடு ஒன்றை விசாரித்து, மகளையும் உடன் அழைத்துப் போய் அங்கே சேர்த்துவிட்டு வாருங்கள். அதுவரை நீந்தக் குளம் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். தலை முழுவதும் நனைத்துக் கண்ணையும் மூக்குத் துளையையும் கழுவிக்கொள்ளும் ஆழத்தில் ஓர் அகன்ற பாத்திரத் தண்ணீரை நிழலில் வைத்து, நாள்தோறும் இருமுறை மாற்றினால் போதும்.