ஆயர், பேராயர், கண்காணி

அன்புள்ள ஐயா,

எங்கள் வீட்டுத் திருமண அழைப்பிதழில் ஒரு சிக்கல். நாங்கள் கத்தோலிக்கர், பெண்வீட்டார் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை). எங்கள் பிஷப்பை 'ஆயர்' என்கிறோம், அவர்கள் தங்கள் பிஷப்பைப் 'பேராயர்' என்கிறார்கள். அடுத்தடுத்து அச்சிட்டால் அவர் ஒரு படி மேல் என்று ஆகிவிடாதா என்று பெரியவர்கள் மனம் சுணங்குகிறார்கள். எது சரி? பிஷப்புக்குச் சரியான தமிழ்ச்சொல்தான் என்ன?

ம.

அன்புள்ள ம.,

இரண்டும் சரி, அப்படியே அச்சிடுங்கள். கத்தோலிக்க வழக்கில் ஆயர் என்றால் பிஷப், பேராயர் என்றால் ஆர்ச்பிஷப். சி.எஸ்.ஐ.யில் ஆர்ச்பிஷப் பதவியே கிடையாது. பிஷப்பைத்தான் பேராயர் என்கிறார்கள். அந்தச் சபையின் தலைவரான மாடரேட்டர் 'பிரதமப் பேராயர்'. சொல்லில்தான் 'பேர்' கூடியிருக்கிறது, பதவியில் இல்லை.

உங்கள் இரண்டாவது கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது. மூலச்சொல் கிரேக்கத்தின் 'எபிஸ்கோபோஸ்'. எபி என்றால் மேல், ஸ்கோபோஸ் என்றால் பார்ப்பவர். அது லத்தீன் வழியாகத் தேய்ந்து இத்தாலியனில் வெஸ்கோவோ, ஸ்பானியத்தில் ஒபிஸ்போ, பிரெஞ்சில் எவெக் ஆனது. ஆங்கிலத்தில் பிஷப், அரபியில் உஸ்குஃப். எவெக், பிஷப் இரண்டையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ஒரு மெய்யொலிகூடப் பொதுவாக இல்லை, ஆனாலும் ஒரே சொல்தான்.

நம்மவர்கள் ஒலியை விட்டுப் பொருளைப் பிடித்தார்கள். பழைய தமிழ் வேதாகமத்தில் அது 'கண்காணி'. சோழர் கல்வெட்டுகளிலேயே கோயில் காரியங்களை மேற்பார்ப்பவருக்கு வழங்கிய சொல். 1877இல் பிஷப்பான கால்டுவெல்லைக் குறித்த 'அத்தியட்சர்' என்ற வடசொல்லிலும் அதே கண் இருக்கிறது: அதி என்றால் மேல், அட்சம் என்றால் கண். கிரேக்கம், வடமொழி, தமிழ் மூன்றும் ஒரே இடத்தில் வந்து நிற்பதை முதலில் கவனித்தபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது. ஆனால் தேயிலைத் தோட்டத்தில் கூலியாட்களை விரட்டி வேலை வாங்கிய கங்காணியை அறிந்த மக்களுக்கு அந்தச் சொல் இனி பரிவாக ஒலிக்காது. அது வழக்கொழிந்ததில் எனக்கு வருத்தமில்லை.

கத்தோலிக்கர் முன்பு சொன்ன 'மேற்றிராணியார்' வேறு வழியில் வந்தது. அதில் ராணி யாரும் இல்லை. தாய்நகரத்துத் தலைவர் என்று பொருள்படும் கிரேக்க 'மெட்ரோபொலிட்டேஸ்' சிரியாக் மொழியில் சுருங்கி, மலையாளத்தில் மெத்ரான் ஆகி, இங்கே வந்து சேர்ந்தது.

'ஆயர்' இவை எதற்கும் மொழிபெயர்ப்பு அல்ல. முல்லை நிலத்தில் மாடு மேய்த்தவர்களின் பெயர் அது. பிஷப் கையில் பிடித்திருக்கும் கோலின் நுனியைக் கவனித்திருப்பீர்கள்; வழிதவறும் ஆட்டை இழுத்துப் பிடிக்கும் இடையன் கோல் போல வளைந்திருக்கும். அந்தக் கோலுக்குப் பொருந்திய சொல் இது. என் ஓட்டு ஆயருக்கே.

பெரியவர்கள் இன்னும் சமாதானம் ஆகவில்லை என்றால் 1 பேதுரு 2:25ஐக் காட்டுங்கள். அங்கே கிறிஸ்துவே 'மேய்ப்பரும் கண்காணியுமானவர்'. அழைப்பிதழில் இரு பெயர்களையும் ஒரே வரியில், ஒரே அளவு எழுத்தில் போடச் சொல்லுங்கள். மணமக்களுக்கு என் அன்பு.