10,000 பொற்காசை எங்கே வைப்பது?

நீங்கள் கதை சொல்லி நடத்தும் டி அண்ட் டி (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்) மேசை விளையாட்டில் ஆட்டக்காரர்கள் டிராகன் குகையில் எடுத்த 10,000 பொற்காசைத் தூக்கிக்கொண்டே அலைகிறார்கள், வங்கி வைத்தால் குழுவில் உள்ள மந்திரவாதி மாயத்தோற்றத்தால் கள்ள வங்கிச்சீட்டு காட்டிப் பணத்தை எடுத்துவிடுவான் என்று எழுதியிருந்தீர்கள். முதலில் எடையைக் கணக்கிடுங்கள். டி அண்ட் டி ஐந்தாம் பதிப்பு விதிப்படி 50 காசு ஒரு பவுண்டு. அப்போது இது 200 பவுண்டு, சுமார் 90 கிலோ. இதைக் கறாராகப் பிடித்தாலே அவர்களே வங்கியைத் தேடி வருவார்கள். 500 பவுண்டு கொள்ளும் மாயப்பை இருக்கிறதா? அது கிழிந்தால் உள்ளே இருப்பதெல்லாம் வேற்றுலகில் சிதறிவிடும், அந்த விதியை ஒருதரம் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள்.

வங்கியை அரசன்தான் நடத்த வேண்டும் என்றில்லை, துறவிகள் மடமே போதும். இடைக்காலக் கிறிஸ்தவப் போர்த்துறவிகளான டெம்ப்ளர்கள் பாரிஸில் பிரெஞ்சு அரசர்களின் கஜானாவையே வைத்திருந்தார்கள்.

கள்ளச்சீட்டு பயத்துக்குச் சீட்டையே விட்டுவிட்டு மரக்குச்சிக்குப் போங்கள். இங்கிலாந்து அரசுக் கருவூலம் பல நூற்றாண்டுகள் இப்படித்தான் கணக்கு வைத்தது: ஹேசல் மரக் குச்சியில் ஆயிரத்துக்கு உள்ளங்கை அகலம், நூறுக்குக் கட்டைவிரல் அகலம் என்று வெட்டுப் போட்டு, நீளவாக்கில் பிளந்து, பணம் கட்டியவருக்கு ஒரு பாதி, கருவூலத்துக்கு ஒரு பாதி. மாயத்தோற்றம் கண்ணைத்தான் ஏமாற்றும், கையில் எடுத்து மறுபாதியோடு சேர்த்தால் வெட்டும் மரத்தின் ரேகையும் பொருந்த வேண்டுமே! வேறு ஊர்க் கிளையில் பணம் எடுக்க வேண்டுமானால் அந்த மறுபாதி முன்கூட்டியே அங்கே போயிருக்க வேண்டும், அதைச் சுமந்து போகும் தூதனை வழியில் யாராவது மடக்கினால் அடுத்த இரண்டு ஆட்ட அமர்வுக்கு உங்களுக்குக் கதை தயார்.