சயாமாவைக் (டீச்சரம்மாவை) கேளுங்க: நிலநடுக்கச் செய்தியும் நம்ம பிள்ளைங்க இங்கிலீஷும்

கேள்வி: சயாமா வணக்கம். எங்க கோயில் மண்டபத்துல ஞாயிறு காலைல பிள்ளைங்களுக்கு இலவசமா இங்கிலீஷ் சொல்லிக் குடுக்குறேன். நம்ம மியான்மர்ல 2025 மார்ச் 28ல வந்த நிலநடுக்கச் செய்தியைப் பாடமா எடுத்தேன். ஒரு தாள்ல செத்தவங்க 144ன்னு இருக்கு, இன்னொண்ணுல 1,002, வேற ஒண்ணுல 3,000க்கு மேலங்குது. எது நிஜம் எது பொய்னு பிள்ளைங்க கேக்குறாங்க, எனக்குப் பதில் தெரியல. (ஒரு வாசகி, மோல்மேன்)

பதில்: மூணுமே நிஜந்தான் தங்கச்சி, அந்தந்த நேரத்துக்கு. 2025 மார்ச் 28 வெள்ளிக்கிழமை மத்தியானம் 12:50க்கு பூமி ஆடுச்சு, அன்னிக்கு சாயங்காலம் அரசு டிவில சொன்ன கணக்கு 144, மறுநாள் அது 1,002 ஆச்சு, அந்த நாள் முடியறதுக்குள்ளயே 1,644, ஏப்ரல் 1ல 2,719, அப்புறம் 3,000த்தைத் தாண்டி கடைசியில 3,700க்கும் மேல போயிருச்சு. இடிபாட்டுக்குள்ள ஆள் இருக்குறப்ப ரோடு உடைஞ்சு போன் லைன் செத்துக் கெடக்குறப்ப முதல் நாள் யாரால முழுக் கணக்கு சொல்ல முடியும்? உங்க பிள்ளைங்க கேட்ட கேள்விதான் இந்தப் பாடத்துல ரொம்ப முக்கியமான இடம், அதை விட்றாதீங்க.

இப்படிச் செஞ்சு பாருங்க. அந்தத் தாள்கள்ல தேதியை மட்டும் கிழிச்சு எடுத்துட்டு கலைச்சுப் போடுங்க, எது முதல்ல வந்தது எது பின்னாடி வந்ததுன்னு பிள்ளைங்களே அடுக்கட்டும். அடுக்கினப்புறம் ஒவ்வொண்ணுக்கும் ஒரே ஒரு இங்கிலீஷ் வரி எழுதச் சொல்லுங்க, அந்த வரில எண்ணிக்கை இருக்கணும், சொன்னது யாருன்னு இருக்கணும், என்னிக்குச் சொன்னாங்கன்னும் இருக்கணும். 'அட் லீஸ்ட் 144 பீப்பிள் வேர் கில்ட், ஸ்டேட் டெலிவிஷன் செட் ஆன் ஃப்ரைடே', அவ்வளவுதான். இதுல ஒண்ணு கொறைஞ்சாலும் மார்க் குடுக்காதீங்க, ஸ்பெல்லிங் தப்பா இருந்தா பரவால்ல விட்ருங்க. முன்னாடி நிக்கிற 'அட் லீஸ்ட்' சும்மா அலங்காரத்துக்கு இல்ல, இதுவரைக்கும் எண்ணினது இவ்வளவு, இன்னும் ஏறலாம்னு எழுதுறவங்க தன்னைக் காப்பாத்திக்கிறதுக்கு வெச்சது.

யாரு சொன்னதுங்கிற விஷயம் நம்ம பிள்ளைங்களுக்குச் சுலபமா வரணும், ஏன்னா ரெண்டு பாஷைலயும் அது அவங்க வாயிலயே இருக்கு. பாலம் விழுந்துருச்சுன்னா நான் பாத்தேன், விழுந்துருச்சாம்னா எவனோ சொன்னான், பர்மீஸ்லயும் கடைசில ஒரு 'டெ' போட்டா அதே வேலைதான். ஆனா இங்கிலீஷ் எழுதறப்ப மட்டும் அந்த 'ஆம்' எங்க போகுதோ தெரியல, எல்லாத்தையும் தானே நின்னு பாத்த மாதிரி எழுதிருதுங்க. தமிழ்ல 'ஆம்' வர்ற இடத்துல எல்லாம் இங்கிலீஷ்ல 'அக்கார்டிங் டு' வேணும்னு ஒரு வாரம் பழக்குங்க, பிடிச்சுக்குவாங்க.

செத்தவங்க வேற, காணாமப் போனவங்க வேற, அதையும் இப்பவே சொல்லிருங்க. 2008 மே மாசம் நர்கிஸ் புயல் ஐராவதி டெல்டாவை அழிச்சதுல ஒரு லட்சத்து 38 ஆயிரம் பேர் செத்தாங்கன்னு நம்ம ஆளுங்க ஒரே மூச்சுல சொல்லிருவாங்க. அரசாங்கக் கணக்குல செத்தவங்க 84,500க்கு மேல, காணாமப் போனவங்க 53,800க்கு மேல, ரெண்டையும் கூட்டினாத்தான் அந்த எண். அதனால அங்க 'டெட் ஆர் மிஸ்ஸிங்'னு சேத்துத்தான் எழுதணும். காணாமப் போனவங்களும் செத்துத்தான் போயிருப்பாங்கன்னு நமக்குத் தோணலாம், ஆனா செய்தில நம்ம தோணலுக்கு இடம் கெடையாது.

கேள்வி: தலைப்புச் செய்தி படிச்சா ஒண்ணுமே விளங்கல. நேத்து நடந்ததை 'ஹிட்ஸ்'ங்குறான், 'கில்ஸ்'ங்குறான். எங்க சார் பாஸ்ட் டென்ஸ்னு உயிரை வாங்குறாரு, பேப்பர்காரனுக்கு மட்டும் கிராமர் வேணாமா? (கல்லூரி மாணவர், ரங்கூன்)

பதில்: வேணும் தம்பி, அவனுக்குத் தனி கிராமர். தலைப்புல நடந்து முடிஞ்சதை பிரசன்ட்ல போடுவான், 'க்வேக் ஹிட்ஸ் மியான்மர்'. இனிமே நடக்கப் போறதுக்கு 'டு' போடுவான், 'ரெஸ்க்யூ டீம்ஸ் டு அரைவ்' அப்படின்னா இன்னும் வரல, வரப்போறாங்க. 'வேர்', 'ஆர்' எல்லாத்தையும் முழுங்கிருவான், 'ஹண்ட்ரட்ஸ் ஃபியர்ட் டெட்'னு இருந்தா நூத்துக்கணக்கான பேர் பயந்து செத்தாங்கன்னு அர்த்தம் இல்ல (சிரிக்காதீங்க, இப்படி எழுதின பேப்பரை நான் திருத்தியிருக்கேன்), செத்திருப்பாங்களோன்னு அஞ்சுறாங்க, இன்னும் உறுதியாகலன்னு அர்த்தம். தலைப்பை விட்டுட்டு முதல் பாராவுக்கு வாங்க, அங்க உங்க சார் சொன்ன பாஸ்ட் டென்ஸ் ஒழுங்கா உக்காந்திருக்கும். தினம் ஒரு தலைப்பை எடுத்து முழு வாக்கியமா எழுதிட்டு முதல் பாராவோட ஒத்துப் பாருங்க, வேற புஸ்தகம் வேணாம்.

கேள்வி: பிள்ளைங்களுக்கு இந்த மாதிரி சாவுச் செய்தியெல்லாம் பாடமா நடத்தலாமா சயாமா? எம்பொண்ணு ராத்திரி ஃபேன் ஆடுனாலே எந்திரிச்சு உக்காந்துக்குறா. எங்க நாத்தனார் குடும்பம் மாண்டலேல இருக்கு. (ஒரு அம்மா, பெகு)

பதில்: உங்க பொண்ணுக்கு அந்தச் செய்தி இப்ப வேணாம்மா. டீச்சர்கிட்ட நேராவே சொல்லிருங்க. சொந்தக்காரங்க அடிபட்ட ஊரை வெச்சு வொகாபுலரி நடத்துறது எனக்கும் பிடிக்காது, சில டீச்சருங்க பிள்ளைங்க அழுதா பாடம் நல்லா ஏறுதுன்னு நெனச்சுக்குறாங்க, அது அக்கிரமம். அதுக்காக பாடத்தையே விட வேண்டியதில்ல, பழசை எடுக்கச் சொல்லுங்க. உங்க ஊர்லயே 1930 மே 5ல பெரிய நிலநடுக்கம், ஷ்வேமாடோ பகோடாவே இடிஞ்சு போய் அப்புறம் திரும்பக் கட்டுனாங்க, 2025 மார்ச்ல ஆடுன அதே சகாயிங் பிளவுதான் (பூமிக்குள்ள ஓடுற பெரிய வெடிப்பு) பெகு பக்கமாவும் தெக்க போகுது. அதை வெச்சு நடத்துனா வார்த்தையெல்லாம் அதேதான் வரும், 'கொலாப்ஸ்', 'டேமேஜ்', 'ரீபில்ட்', ஆனா பகோடா இன்னிக்கு எழும்பி நிக்கிறதைப் பிள்ளை கண்ணால பாக்கலாம்.

கேள்வி: அக்கா, நான் சிங்கப்பூர்ல கன்ஸ்ட்ரக்‌ஷன் வேலைக்கு வந்து இருக்கேன். நிலநடுக்கம் முடிஞ்ச மறுநாள் சூப்பர்வைசர் வீட்ல எல்லாரும் எப்படின்னு கேட்டாரு. 'மை ஹவுஸ் வாஸ் கொலாப்ஸ்டு, மை அங்கிள் வாஸ் டைட்'னு சொன்னேன், புரிஞ்சுது, ஆனா கூட இருந்த பையன் அப்புறமா தப்புன்னான். எது தப்பு? (சகாயிங்லேருந்து போன ஒருத்தர்)

பதில்: மொதல்ல உங்க மாமாவுக்கு என் வருத்தம் தம்பி. அந்த நேரத்துல நீங்க சொன்னது புரிஞ்சுதுல்ல, அதுவே பெருசு.

தப்பு எங்கன்னா, தமிழ்லயே பாருங்க, வீடு இடிஞ்சுதுன்னா தானா விழுந்துச்சு, வீட்டை இடிச்சாங்கன்னா எவனோ செஞ்சான். இடிஞ்சுது, செத்தாரு, நடந்துச்சு, இந்த ஜாதி வினைக்கெல்லாம் இங்கிலீஷ்ல 'வாஸ்' ஒட்டாது, 'தி ஹவுஸ் கொலாப்ஸ்டு', 'மை அங்கிள் டைட்' இதோட நிப்பாட்டிருங்க. நிலநடுக்கம் இன்னொருத்தர் மேல செஞ்ச வேலைன்னா அப்ப 'வாஸ்' வேணும், 'ஹி வாஸ் கில்ட்', 'ஹி வாஸ் இஞ்சர்ட்', 'தே வேர் ட்ராப்ட்'. உங்க சகாயிங் பக்கத்துல 1934ல கட்டுன ஆவா பாலம் அன்னிக்கு விழுந்துச்சே, அதுக்கும் 'தி பிரிட்ஜ் கொலாப்ஸ்டு'தான். பிரிட்டிஷ்காரன் கட்டுனதுக்கு மட்டும் 'தி பிரிட்ஜ் வாஸ் பில்ட்', ஏன்னா அது தானா மொளைக்கல.

இன்னொண்ணு, வீட்ல எப்படின்னு கேட்டா முதல்ல ஆளுங்களைச் சொல்லுங்க அப்புறம் வீட்டைச் சொல்லுங்க, 'மை மதர் இஸ் சேஃப். வீ லாஸ்ட் மை அங்கிள். தி ஹவுஸ் இஸ் கான்'. லீவு வேணும்னா நாலாவது வரியா அதையும் அப்பவே கேட்ருங்க.

கேள்வி: 7.7னு சொல்றாங்களே, ரங்கூன்ல நாங்க லேசாத்தான் உணர்ந்தோம். அப்ப எங்களுக்கு எவ்வளவு? (ரங்கூன்)

பதில்: எல்லாருக்கும் 7.7தான். அது நிலநடுக்கத்தோட மொத்த பலம், ஊருக்கு ஊர் மாறாது. மாறுறது எவ்வளவு ஆடுச்சுங்கிறது, இங்கிலீஷ்ல அதுக்கு 'இன்டென்சிட்டி'ன்னு வேற பேரு, வேற அளவு. தூரம் மட்டும் இல்ல, மண்ணும் கட்டடமும் சேந்துதான் அதை முடிவு பண்ணும், ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி பாங்காக்ல கட்டிக்கிட்டிருந்த கட்டடம் விழுந்துச்சே பாத்தீங்கல்ல. அப்புறம் 6.7க்கும் 7.7க்கும் ஒண்ணுதானே வித்தியாசம்னு எழுதிராதீங்க, வெளிப்படுற சக்தி கிட்டத்தட்ட 32 மடங்கு கூட. 'ரிக்டர்'ன்னும் இப்ப எழுத வேணாம், 'மேக்னிட்யூட் 7.7' போதும்.

கேள்வி: அடுத்த நிலநடுக்கம் எப்பன்னு டிக்டாக்ல சொல்றாங்களே, அதை 'ஃபோர்காஸ்ட்'னு எழுதலாமா? (பத்தாம் வகுப்பு மாணவி, தாட்டோன்)

பதில்: கூடாதும்மா. புயலுக்கு ஃபோர்காஸ்ட் உண்டு, 2023 மே 14ல மோக்கா புயல் சிட்வே பக்கம் கரையேறினப்ப முன்னாடியே 'இஸ் எக்ஸ்பெக்டட் டு மேக் லேண்ட்ஃபால்'னு எழுத முடிஞ்சுது, ஏன்னா சாட்டிலைட்ல கண்ணுக்கு முன்னால நகருது. நிலநடுக்கத்துக்கு நாள் கிழமை குறிச்சுச் சொல்ற வித்தை யார்கிட்டயும் கெடையாது. 2025 ஏப்ரல் 21ல வரும்னு ஒரு ஜோசியர் டிக்டாக்ல சொல்லி ரங்கூன் வரைக்கும் ஜனங்க நடுங்கிப் போய், அவரைப் போலீஸ் புடிச்சுது. அதை எழுதணும்னா 'ஆன் அஸ்ட்ராலஜர் க்ளெய்ம்ட்'னு எழுதுங்க, பாரம் அவர் தலைலயே இருக்கட்டும்.

கேள்வி: அமெரிக்க யுஎஸ்ஜிஎஸ் (நிலநடுக்கத்தைக் கணக்கெடுக்குற அரசு நிறுவனம்) இன்டர்நெட் பக்கத்துல 06:20ன்னு போட்ருக்கே, ஆடுனது மத்தியானம்தானே? (ரங்கூன்)

பதில்: அது யுடிசி நேரம், உலகத்துக்கே பொதுவான நேரம். நம்மளுக்கு ஆறரை மணி நேரம் கூட்டணும், 12:50 வந்துரும். சிங்கப்பூர்ல இருக்குற அண்ணனுக்கு அதே நேரம் 2:20. கரண்ட் இருக்குறப்ப அந்தப் பக்கத்தைத் திறந்து வெச்சு பிள்ளைங்களைக் கணக்குப் போட விடுங்க, சின்னச் சின்ன இங்கிலீஷ்தான், ஆழம், தூரம், நேரம், எல்லாம் ஒரு வரி ஒரு வரியா இருக்கும்.